கட்டுவிரியனும் ஆம்பு பேக்கும்: சேலையூர் வழியாக ஒரு மருத்துவ வரலாறு



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த மூத்த தோழரை உங்களில் பலர் இந்த அரங்கின் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவராகப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் அவர் அரசு மருத்துவமனை ஒன்றில் வார்டு ஊழியராக வேலை பார்த்தவர். எழுதச் சொன்னால் எழுத மாட்டார். சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்வார். அவர் சொன்னவற்றில் ஒன்றை நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு உரைக்கு அதையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஐப்பசி மழை. தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து விடியற்காலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நடவு வேலைக்குப் போகிறவர். இரவு வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். கடிபட்ட தடம் எதுவும் இல்லை. மருத்துவமனைக்கு வரும்போது இமை தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, சிறிது நேரத்தில் மூச்சு நின்றது. தொண்டையில் குழாய் போட்டார்கள். வென்டிலேட்டர் ஒன்றும் காலி இல்லை. ஆம்பு பேக்கைத் தோழர் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அவர் அமுக்கினார், பிறகு அந்தப் பெண்ணின் தம்பி அமுக்கினார், மறுபடி அவர். மதியத்துக்கு மேல் ஓர் இளம் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பாப்பா சுருங்கவில்லை. மூளை செத்துவிட்டது, விட்டுவிடலாம் என்று வீட்டாரிடம் சொன்னார். அந்த நேரத்தில் அறுவை அரங்கிலிருந்து வந்த மயக்க மருத்துவர் ஒருவர், "இது கட்டுவிரியனா இருக்கும், யாரும் கையை எடுக்காதீங்க" என்றாராம். நான்காம் நாள் கால் விரல் அசைந்தது. இரண்டு வாரத்தில் அந்தப் பெண் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது தோழரிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, அன்னிக்கு விட்டுடலாம்னு சொன்னது எந்த டாக்டரு?"

அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எந்த மருத்துவமனை என்று தோழர் சொன்னதில்லை; நாங்களும் தேடவில்லை. தேடியது வேறு. அந்த ஆம்பு பேக் எங்கிருந்து வந்தது, அந்த மயக்க மருத்துவருக்கு அது எப்படித் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்கு ஏற்றிய மருந்தை யார் கை தொட்டு வந்தது என்று தேடினோம். தேடிக்கொண்டு போனால் கோபன்ஹேகனுக்கும் அமேசான் காட்டுக்கும் போய், கடைசியில் நம் சேலையூருக்கே திரும்பி வந்து நிற்கிறது.

முதலில் நஞ்சைப் பற்றி. மூளையிலிருந்து வரும் கட்டளை நரம்பின் நுனிவரை வந்து, அங்கே அசிட்டைல்கோலின் என்ற ஒரு வேதிப்பொருளாக இறங்கி, தசையில் உள்ள வாங்கியில் போய் ஒட்டும். அப்போதுதான் தசை சுருங்கும். நல்ல பாம்பின் நஞ்சு அந்த வாங்கியை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியன் இன்னும் ஒரு படி மேலே போய், நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. இரண்டிலும் உடம்பு செயலற்றுப் போகிறது. அறிவுக்கு ஒன்றும் ஆவதில்லை. இமை, தொண்டை, கை, கால் என்று ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் மூச்சுத் தசை நிற்கிறது. கண்ணின் பாப்பாகூட விரிந்து நின்றுவிடும். அதனால்தான் கட்டுவிரியன் கடித்தவரை மூளைச்சாவு அடைந்தவர் என்று தவறாக எண்ணிவிட முடிகிறது. மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் பல உண்டு. உள்ளே ஆள் விழித்திருக்கிறார். காதில் எல்லாம் விழுகிறது. சொல்ல வாய் இல்லை. இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு இந்த நிலையை உவமை சொல்லி விளக்க வேண்டியதில்லை.

மயக்க மருத்துவருக்கு இது அன்றாட வேலை. அறுவைக்கு முன் அவர் வேண்டுமென்றே இதே இடத்தைத் தற்காலிகமாக அடைக்கிறார், தசையைத் தளர்த்துகிறார், நோயாளியின் மூச்சைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். வேலை முடிந்ததும் நியோஸ்டிக்மின் கொடுத்து அடைப்பை விலக்குகிறார். கூடவே அட்ரோபின். நல்ல பாம்பு கடித்து இமை இறங்கியவருக்கு இன்று கொடுப்பதும் அதே இரண்டு ஊசிதான். ஆக, பாம்புக்கடி மருத்துவத்தின் ஒரு கால் அறுவை அரங்கில் இருக்கிறது.

அந்தத் தசைத் தளர்த்தி முதலில் எங்கிருந்து வந்தது? தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய கியூராரே என்ற நஞ்சிலிருந்து. ரிச்சர்டு கில் என்பவர் 1938இல் ஈக்வடார் காட்டிலிருந்து அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித் அதை முதன்முதலாக அறுவை மயக்கத்தில் பயன்படுத்தினார். கில்லின் பெயர் இருக்கிறது, கிரிஃபித்தின் பெயர் இருக்கிறது. எந்தக் கொடியை வெட்ட வேண்டும், எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சோதித்து அறிந்தவர்கள் "பழங்குடிகள்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகிறார்கள். இதே கதை நம் கடற்கரையில் அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

பேட்ரிக் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர். கண்ணாடி விரியனுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அவருடையது. சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் பெரிய நூல் வெளியிட்டார். தஞ்சாவூர் மாத்திரை என்று அந்நாளில் கம்பெனியாரிடம் பெயர் பெற்றிருந்த பாடாண மாத்திரையை விலங்குகளில் சோதித்து, அதன் பலனைக் கேள்விக்குள்ளாக்கியவரும் அவரே. ஒரு விதத்தில், பாம்புக்கடி மருந்தை நம்பிக்கையால் எடைபோடாமல் சோதனையால் எடைபோட்ட முயற்சி இந்தக் கடற்கரையில் அவரோடு தொடங்குகிறது. அவருக்கு அந்தப் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ரஸ்ஸல் அவர்களிடம் பெயர் கேட்டார். அவர்களுடைய பெயரை அல்ல, பாம்பின் பெயரை. அப்படிப் பதிவான தெலுங்குச் சொற்களில் ஒன்று "பங்காரு", பொன் என்று பொருள். அதிலிருந்துதான் கட்டுவிரியன் இனத்துக்கு பங்காரஸ் என்ற அறிவியல் பெயர் பிறந்தது. 1963இல் தைவான் நாட்டு ஆய்வாளர்கள் சாங், லீ இருவரும் அங்குள்ள கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்று பெயரிட்டார்கள். தசையில் உள்ள அந்த வாங்கியைப் பிரித்தெடுத்து ஆராய உலகம் முழுவதும் பயன்பட்டது அந்தப் புரதம்தான். மயக்க மருத்துவப் பாடநூல்களில் அந்தச் சொல் இன்றும் வருகிறது. சோழமண்டலக் கரையில் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்த சொல். ஆள் மறைந்தார், சொல் மட்டும் நின்றது. சொற்களின் வழியே வரலாற்றைத் தோண்டிப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்த அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவரும்கூட என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

நஞ்சு மூச்சை நிறுத்துகிறது என்றால், நஞ்சு இறங்கும்வரை மூச்சை நாமே கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வி புதிதல்ல. 1870களில் ஜோசஃப் ஃபேரரும் லாடர் பிரன்டனும் நல்ல பாம்பின் நஞ்சு ஏறிய விலங்குகளுக்குச் செயற்கை மூச்சு கொடுத்து, உயிர் நீடிப்பதைக் காட்டினார்கள். அதாவது, விடையின் பாதி எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் இருந்தது. செத்துக்கொண்டிருந்தவர்கள் வயலில் வேலை செய்தவர்கள் என்பதால் மட்டுமே அது ஏட்டிலேயே கிடந்தது என்று சொன்னால் மிகையாகும். தொண்டைக் குழாயும் கருவியும் அப்போது வளரவில்லை. ஆனால் அவசரம் யாருக்கு ஏற்பட்டபோது அது வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பெருநோயாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இறந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அமுக்கி மூச்சு கொடுத்தார். அறுவை அரங்கில் அன்றாடம் செய்ததை வார்டுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவே. சிறுமி பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பு அது. நான்கைந்து ஆண்டுகளில் அதே டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன் தானாகவே விரிந்துகொள்ளும் பையை உருவாக்கினார். நம் தோழர் கையில் இருந்தது அந்தப் பைதான்.

அந்த 1500 பேரை உலக மருத்துவ வரலாறு கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். நம் மருத்துவமனைகளில் கருவி காலியாகும்வரை பையை அமுக்கிய வார்டு ஊழியர்களையும், ஆயாக்களையும், நோயாளியின் அண்ணன் தம்பிகளையும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கட்டுவிரியன் கடிக்கு நியோஸ்டிக்மின் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. சிதைந்த நரம்பு நுனி திரும்ப முளைக்க நாள்கணக்காகும். அதுவரை மூச்சுதான் மருந்து.

இனி சேலையூருக்கு வருவோம். இன்று அடுக்குமாடிகளும் பள்ளிகளுமாக இருக்கும் சேலையூர் 1970 வாக்கில் தாம்பரத்தை ஒட்டிய கிராமம். அமெரிக்காவில் மயாமி பாம்புப் பண்ணையில் நஞ்செடுக்கும் வேலை பழகி வந்த ராமுலஸ் விட்டேகர் தன் முதல் பாம்புப் பண்ணையை அங்கேதான் தொடங்கினார். 1972இல் அது கிண்டிக்கு மாறியது. ஊர்க்காரர்களில் பலருக்கே கிண்டிப் பூங்காவின் பூர்வீகம் நம் பக்கம் என்பது தெரியாது. அவருக்குப் பாம்பு பிடிக்கவும், தடம் பார்க்கவும், எந்த வரப்பில் எந்த வளை என்று சொல்லவும் துணைநின்றவர்கள் செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள். அவரும் இதை ஒளித்ததில்லை. திரும்பத் திரும்ப எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்.

அப்போது இருளர்களின் பாம்பு வேலை தோலுக்காக. வயலில் எலியும் பாம்பும் பிடிப்பார்கள்; எலி பிடித்தால் நெல் மிஞ்சும், பாம்பு பிடித்தால் தோல் வியாபாரி காசு கொடுப்பார். அந்தத் தோல் தொழிற்சாலை வழியாக வெளிநாட்டுக்குப் பையாகவும் செருப்பாகவும் போயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடைபட்டது. சட்டம் சரிதான். ஆனால் சட்டத்தால் பிழைப்பு போன இருளருக்கு மாற்று என்ன என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கேட்கவில்லை. ஒரே நாளில் அவர்களுடைய அறிவு குற்றமாயிற்று. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்களின் கதையை இந்தச் சட்டத்தோடு மட்டும் முடிச்சுப்போட முடியாது. ஆனால் தள்ளிய கைகளில் இதுவும் ஒன்று.

1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சில ஆண்டுகளில், மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் நஞ்செடுப்பு தொடங்கியது. முறை எளிது, வேலை கடினம். பிடித்து வந்த பாம்பை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரம் ஒரு முறையாக நான்கு முறை நஞ்செடுப்பார்கள். அடிவயிற்றுச் செதிளில் சிறு அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பு உடனே மறுபடி சிக்கினாலும் தெரிந்துவிடும். எடுத்த நஞ்சை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் பொடியும் மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும். அங்கே குதிரைகளுக்கு அதைச் சிறு சிறு அளவாக ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துக் குப்பியில் அடைப்பார்கள். 1890களில் ஆல்பர்ட் கால்மெட் வகுத்த வழியின் இந்திய வடிவம் இது. இந்தியாவில் இந்த மருந்துக்குத் தேவையான நஞ்சின் மிகப் பெரும் பகுதி பல பத்தாண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருக்கிறது.

எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி ஆண்டுதோறும் வேண்டும். அனுமதி தாமதமான ஆண்டுகளில் பானைகள் காலியாகக் கிடந்தன. நாடு முழுவதும் ஒரு மருந்துக்கு இவர்கள் கையை நம்பியிருக்கிறது; இவர்கள் ஒரு தாளுக்குக் காத்திருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் அவர்கள் காத்திருக்கும் கதை உங்களுக்குத் தெரிந்ததே.

இனி ஆய்வுக்கு வருகிறோம். மருந்து கிடைத்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. எத்தனை குப்பி ஏற்றுவது? மருந்தே ஒவ்வாமையாகி உயிரை எடுத்தால்? இவற்றுக்கு ஊகம் போதாது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோலப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒன்றும் மறு பிரிவுக்கு மற்றொன்றும் கொடுத்து ஒப்பிட வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1990களில் இப்படி ஒரு சிறிய ஆய்வு நடந்தது. நிறையக் குப்பி ஏற்றியவர்களையும் குறைவாக ஏற்றியவர்களையும் ஒப்பிட்டபோது, குறைந்த அளவே ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. காசு கொடுத்துக் குப்பி வாங்க வேண்டிய குடும்பத்துக்கு இந்த முடிவு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆய்வு இலங்கையில் நடந்தது. அங்கும் பயன்படுவது இந்தியாவில் தயாராகும் மருந்துதான். 1007 நோயாளிகள். மருந்து ஏற்றும் முன் மிகச் சிறிய அளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறையுமா என்பது கேள்வி. மருத்துவமனைகளில் வழக்கமாகப் போட்டுவந்த ஹைட்ரோகார்டிசோன், புரோமெத்தசின் ஊசிகளையும் சேர்த்துச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. நான்கில் மூன்று பேருக்கு ஏதேனும் ஒரு விதத்தில் ஒவ்வாமை வந்திருந்தது. அட்ரினலின் பெற்றவர்களிடம் முதல் ஒரு மணி நேரத்துக் கடும் ஒவ்வாமை 43 விழுக்காடு குறைவு. காலங்காலமாக நம்பிக்கையோடு போட்டுவந்த மற்ற இரண்டும் தடுப்பாகப் பயன்படவில்லை. நல்ல ஆய்வு என்றால் இதுதான்: பழக்கத்தை உடைக்கும், ஏழைக்குச் செலவைக் குறைக்கும், உயிரைக் காக்கும். மருத்துவ ஆய்வு என்றாலே நம் உடம்பைச் சோதனை எலியாக்குவது என்று நம் மேடைகளில் ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நாங்கள் ஏற்கவில்லை. நம் மக்களைப் பற்றி ஆய்வே இல்லாமல் இருப்பதும் ஒரு வகைத் தீண்டாமைதான்.

ஆனால் அந்தப் பேச்சுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில் ஆதிவாசிச் சிறுமிகளுக்கு ஊசி போட்டபோது, பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டது வெளியே வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்குப் பிறகுதான் ஒப்புதலை ஒளிப்பதிவு செய்யும் விதியும், 2019இல் புதிய மருந்து ஆய்வு விதிகளும் வந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. தொண்டையில் குழாயோடு கிடப்பவரிடம் எப்படி ஒப்புதல் வாங்குவது? சட்டம் நெருங்கிய உறவினரிடம் வாங்கச் சொல்கிறது. வாசலில் நிற்கும் அந்த உறவினர் யார்? இரவெல்லாம் பையை அமுக்கிக் கை வீங்கியவர், வட்டிக்கு வாங்கிய ஆட்டோ வாடகையை எண்ணிக்கொண்டிருப்பவர், "கையெழுத்துப் போடலைன்னா வைத்தியத்தை நிறுத்திடுவாங்களா" என்று ஆயாவிடம் கேட்பவர். அவருக்கு அவர் மொழியில், உட்கார வைத்து, மறுக்கலாம் என்றும் மறுத்தாலும் வைத்தியம் நிற்காது என்றும் சொல்லும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஒருவராக இருக்க முடியும் என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்.

கட்டுவிரியன் யாரைக் கடிக்கிறது? அது இரவில் திரியும் பாம்பு. எலியையும் மற்றப் பாம்பையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாயில் படுத்திருப்பவர் புரளும்போது கடிக்கும். வலி அதிகம் இருக்காது என்பதால் பலருக்குக் கடித்ததே தெரியாது. கட்டிலில் படுப்பவர் பெரும்பாலும் தப்புகிறார். நேபாளத் தராய்ப் பகுதியில் 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, கொசுவலைக்குள் படுப்பதுகூடப் பாம்புக்கடியிலிருந்து காக்கிறது என்று காட்டியது. கட்டில், கொசுவலை, சுவரில் பொந்தில்லாத வீடு, ஏரியைவிட்டுத் தள்ளி ஒரு மனை. பாம்புக்கடியின் முதல் மருத்துவம் இவைதான்.

மனை என்றதும் செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1891இல் ஆட்சியர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கை. சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்பதை அவர் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்ததும், அந்த நிலங்கள் பிறகு கைமாறிப்போனதும் தனி வரலாறு. அதை இந்த அரங்கில் பலமுறை பேசியிருக்கிறோம். வயலோரத்திலும் ஏரிப் புறம்போக்கிலும் குடிவைக்கப்பட்டவர்களுக்குத்தான் பாம்பு அண்டை வீட்டுக்காரர். நூறாண்டு கழித்து நகரம் அதே கணக்கைப் புதிதாகப் போட்டது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதியில் கொண்டுபோய் வைத்தது. மழை பெய்தால் பாம்புக்கும் மேட்டு நிலம் வேண்டும்; நம் ஆட்களுக்கும் வேண்டும். இருவரும் ஒரே மாடிப்படியில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

2020இல் வெளியான ஆய்வு ஒன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலான சாவுகள் கிராமத்தில், வீட்டில். அதாவது அவை எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறவில்லை. வீடு வீடாகப் போய், இறந்தவர் எப்படி இறந்தார் என்று வீட்டாரைக் கேட்டு எழுதியதால்தான் இந்த எண்ணே தெரிந்தது. வாய்மொழியிலிருந்து வரலாறு எழுத முடியாது என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இந்த முறையைக் காட்டலாம். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதன்மை இடத்துக்குக் கொண்டுவந்தது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது இலக்கு.

அறிவியல் உலகில் இப்போது வேறு ஒரு விவாதம் நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் பல மாநிலப் பாம்புகளின் நஞ்சை ஒப்பிட்டு, ஊருக்கு ஊர் நஞ்சு மாறுகிறது, இன்றைய மருந்து சில பகுதிப் பாம்புகளுக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். காரணம், மருந்துக்கான நஞ்சு பெரும்பாலும் நம் மாவட்டப் பாம்புகளுடையது. எனவே மற்ற மாநிலங்களிலும் நஞ்செடுக்கும் மையங்கள் வேண்டும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. ராஜஸ்தானில் கடிபட்டவரும் பிழைக்க வேண்டும். ஆனால் புதிய மையங்கள் வரும்போது அங்கே பாம்பைக் கையாளப்போவது யார், அவர்கள் உறுப்பினர்களாக இருப்பார்களா, கூலிகளாக இருப்பார்களா? வடநெம்மேலியின் தனித்தன்மை அது கூட்டுறவு என்பதில் இருக்கிறது. பிடிப்பவரே சங்கத்தின் உறுப்பினர். இந்தப் பகுதியை எந்த ஆய்வுக் கட்டுரையும் பொருள்களும் முறைகளும் என்ற தலைப்பின் கீழ் எழுதுவதில்லை.

2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2017இல் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக்காட்டியவர்கள் அவர்கள். மகிழ்ச்சிதான், அந்த ஆண்டு நம் பக்கத்தில் பல இருளர் குடியிருப்புகளில் இனிப்புக் கொடுத்தார்கள். படத்தில் இருந்த பொன்னாடையைவிட, அவர்கள் பெயர் இனிஷியலோடு முழுதாக அச்சில் வந்ததுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. ரஸ்ஸல் காலத்துக் கணக்கில் இது புதிது. நாங்கள் இருளர் சார்பில் பேசவில்லை. அவர்களுக்கு அவர்கள் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் பிடித்த பாம்பின் மருந்தால் பிழைத்தவர்கள் பெரும்பாலும் நம் சேரிக்காரர்கள் என்பதால், கடன்பட்டவர்களாகப் பேசுகிறோம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் கடியையும் சாவையும் இனிப் பதிவுசெய்து தெரிவிக்க வேண்டும். இது நம்மைப் போன்றவர்களும் கையில் எடுக்க வேண்டிய ஆணை. ஏனென்றால் மருத்துவமனைக்கு வந்து சேராத சாவு அந்தப் படிவத்திலும் ஏறாது.

அதனால் ஒரு சிறிய வேலையை முன்வைக்கிறோம். தாம்பரம், வண்டலூர், திருப்போரூர் வட்டங்களின் ஏரிக்கரைக் குடியிருப்புகளில், கடந்த பத்தாண்டில் பாம்பு கடித்தவர் இருந்த வீடுகளுக்கு நம் மாணவர்கள் போக வேண்டும். இறந்தவர் வீட்டிலும் பிழைத்தவர் வீட்டிலும் கேட்க வேண்டும். எங்கே படுத்திருந்தார், என்ன வேலை செய்து வந்தார், முதலில் போன மருத்துவமனையில் மருந்துக் குப்பி இருந்ததா, மூச்சுக் கருவி இருந்ததா, எத்தனை மருத்துவமனை மாற்றினார்கள், யார் பையை அமுக்கினார்கள், எத்தனை மணி நேரம். எழுதியதை அவர்களிடமே படித்துக்காட்டி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூத்த தோழர் சொன்ன அந்தப் பெண்ணின் ஊர்ப் பெயர் நம் குறிப்பில் இருக்கிறது. முதல் நோட்டுப் புத்தகத்தை அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை, நடவு இல்லாத நாளாகப் பார்த்து.